ஒன்லி: ஒரு சின்னச் சொல்
(தொடர்கல்வி மையம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைய பேச்சு ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. அது ஓர் ஆங்கிலச் சொல். ‘ஒன்லி’ என்பது அந்தச் சொல்.

ஒரு சொல்லுக்கு ஒரு பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். கதையைக் கேளுங்கள். பிறகு சொல்லுங்கள்.

ஒன்லி என்பதில் நான்கு எழுத்துகள் உண்டு. ஓ, என், எல், ஒய். சின்ன எழுத்தில் எழுதினால் ஓ இட்லி போல வட்டமாக இருக்கும். எல் நட்டுவைத்த கம்பு போல நேராக நிற்கும். ஒய் வால் வைத்த கவட்டை போல இருக்கும். வட்டத்தில் தொடங்கி, வாலில் முடியும் சொல். இப்படி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குத் தமிழில் ‘மட்டும்’ என்று பொருள்.

தொள்ளாயிரம் ரூபாய்

மும்பையில் தாராவி என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவர்கள் அதில் நிறையப் பேர். விடியும் முன்னே பல வீடுகளில் இட்லி வெந்துவிடும். பெரிய பாத்திரத்தில் அடுக்கிக்கொண்டு நகரம் முழுக்க விற்கப் போவார்கள்.

அங்கே ஓர் அம்மா இருந்தார். தெருவில் எல்லாரும் அவரை இட்லிக்கார அக்கா என்று கூப்பிடுவார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கு மட்டும் மனத்திலேயே போடுவார். ஒரு பைசா தப்பாது.

மாவு ஆட்டக் கிரைண்டர் வாங்க வேண்டும் என்று அக்கா வட்டிக்காரர் ஒருவரிடம் போனார். ஐயாயிரம் ரூபாய் கைமாற்று வாங்கினார். வட்டிக்காரர் ஒரு சீட்டு எழுதினார். எல்லாம் ஆங்கிலத்தில். எண்ணில் 5000 என்று இருந்தது. எழுத்தில் ‘ருபீஸ் ஃபைவ் தவுசண்ட்’ என்று இருந்தது. அதாவது ரூபாய் ஐயாயிரம். அதோடு சரி. அதற்குப் பிறகு வரி முடியும் வரை இடம் காலியாகக் கிடந்தது.

அக்கா கைநாட்டு வைத்தார். சீட்டு வட்டிக்காரர் பெட்டிக்குள் போய்விட்டது.

மாதாமாதம் வட்டி கட்டினார். பதினோரு மாதம் கழித்து அசல் ஐயாயிரத்தையும் எடுத்துக்கொண்டு போனார். மகளையும் கூட்டிப் போனார். மகள் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

வட்டிக்காரர் சீட்டை எடுத்தார். “இன்னும் தொள்ளாயிரம் வேணும்மா” என்றார்.

“நான் வாங்கினது ஐயாயிரம்தானேங்க?” என்றார் அக்கா.

“சீட்டைப் பாரு. உன் கைநாட்டுதானே?”

மகள் சீட்டை வாங்கிப் படித்தாள். ‘ஃபைவ் தவுசண்ட் நைன் ஹண்ட்ரட்’ என்று இருந்தது. எண்ணில் 5900 என்று இருந்தது. முதல் சுழிக்குக் கீழே ஒரு வால் முளைத்திருந்தது. சுழி ஒன்பதாகிவிட்டது.

“அம்மா, இந்த இரண்டு வார்த்தையும் வேற மை” என்றாள் மகள்.

வட்டிக்காரர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

கைநாட்டு வைத்த பிறகு சீட்டில் தொகையை மாற்றுவது பெரிய குற்றம். அப்படி மாற்றிய சீட்டு சட்டப்படி நிற்காது. ஆனால் மாற்றினார் என்று காட்ட வேண்டுமே! அக்காவிடம் நகல் இல்லை. சாட்சி இல்லை. அவர் தொள்ளாயிரத்தையும் கொடுத்துவிட்டு வந்தார்.

அப்போது ஓர் இட்லி மூன்று ரூபாய். தொள்ளாயிரம் ரூபாய் என்றால் முந்நூறு இட்லி.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஒரு பழைய தாளில் அந்த வரியை எழுதினாள். கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தாள். ‘ருபீஸ் ஃபைவ் தவுசண்ட் ஒன்லி.’

“இந்த ஒரு வார்த்தை இருந்திருந்தா அவரால சேர்த்திருக்க முடியாதும்மா.”

அக்கா அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏட்டி, இதை எனக்கு எழுதக் கத்துக்கொடு” என்றார். அடுத்த வாரம் மாலை வகுப்பிலும் சேர்ந்தார்.

சொல்லுக்குள்ளே ஒரு பூட்டு

தொகைக்குப் பின்னால் வரும் ஒன்லி ஒரு பூட்டு. ‘இத்தோடு தொகை முடிந்தது. இனி எதுவும் இல்லை’ என்று அது சொல்கிறது. அதற்குப் பிறகு யாராவது ‘நைன் ஹண்ட்ரட்’ என்று எழுதினால் பார்த்தவுடனே திருட்டுத் தெரியும்.

வேறு மொழிகளிலும் இந்தப் பூட்டு உண்டு. தமிழில் ‘ரூபாய் ஐயாயிரம் மட்டும்’ என்று எழுதுகிறோம். இந்தியில் ‘மாத்ர’ என்று எழுதுவார்கள். மராத்தியில் ‘ஃபக்த’ என்பார்கள். மொழி வேறு. காவல் ஒன்று.

ஆனால் ஒன்லி வலது பக்கத்தைத்தான் காக்கும். இடது பக்கத்தில் இடம் விட்டால் அங்கேயும் ஆள் நுழைவான். ‘ஃபைவ் தவுசண்ட்’ என்பதற்கு முன்னால் ‘ட்வென்டி’ என்று சேர்த்தால் என்ன ஆகும்? ஐயாயிரம் இருபத்தைந்தாயிரம் ஆகிவிடும்! ஆகவே காசோலையோ, ரசீதோ, கடன் சீட்டோ எழுதும்போது இவற்றைக் கவனியுங்கள்.

ஒன்று. எழுத்தில் எழுதும் தொகையை வரியின் தொடக்கத்திலேயே ஆரம்பியுங்கள். முன்னால் இடம் விடாதீர்கள்.

இரண்டு. தொகை முடிந்ததும் ஒன்லி என்று எழுதுங்கள். தமிழில் எழுதினால் மட்டும் என்று எழுதுங்கள்.

மூன்று. வரியில் மீதி இடம் இருந்தால் ஒரு கோடு இழுத்து விடுங்கள்.

நான்கு. எண்ணில் எழுதும்போது முன்னால் இடம் விடாதீர்கள். எண்ணுக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் ஒரு சிறு கோடும் போடுங்கள். 5000/- என்று முடியுங்கள்.

ஐந்து. காலித் தாளில் கையெழுத்தும் போடாதீர்கள், கைநாட்டும் வைக்காதீர்கள். கடன் சீட்டு என்றால் ஒரு நகல் கேட்டு வாங்குங்கள்.

எழுத்தில் எழுதுவதில் ஏன் இவ்வளவு கவனம்? அதற்கும் காரணம் உண்டு. 1881ஆம் ஆண்டில் வந்த மாற்றுமுறை ஆவணச் சட்டம் ஒன்று இருக்கிறது. காசோலைக்கும் கடன் பத்திரத்துக்கும் இன்றும் அதுதான் சட்டம். எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் வேறு தொகையும் இருந்தால், எழுத்தில் உள்ளதே தொகை என்று அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. எண்ணைவிட எழுத்துக்கு மதிப்பு அதிகம். அந்த எழுத்துக்குக் காவல் ஒன்லி.

காசோலையில் தப்பு வந்தால் அடித்துத் திருத்தக் கூடாது. வேறு காசோலை எழுதுவதே முறை.

இருட்டில் ஒரு பாட்டில்

அக்கா வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆனது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆங்கிலத்தில் சில சொற்கள்தான் தெரியும். அதில் முதல் சொல் ஒன்லி.

ஒரு நாள் இரவு அவருடைய மாமியாருக்கு இருமல். மின்சாரம் இல்லை. அலமாரியில் பாட்டிலைத் தடவி எடுத்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் கரண்டியில் ஊற்றினார். வழக்கமான வாசனை இல்லை. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு வரியின் கடைசியில் அந்தச் சொல் நின்றது. பெரிய எழுத்தில் இருந்தது. ஆனாலும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

இருமல் மருந்துப் பாட்டிலில் இந்த இடத்தில் இந்தச் சொல் கிடையாதே! அக்காவின் கை நின்றது.

“அத்தை, குடிக்காதீங்க. கொஞ்சம் இருங்க” என்றார். மகளை எழுப்பினார்.

மகள் படித்தாள். ‘ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி.’ வெளியே தடவ மட்டும் என்று அர்த்தம். அது முட்டி வலிக்குத் தடவும் தைலம்.

மாமியார் ஒன்றும் பேசவில்லை. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேலே தடவும் மருந்துகளில் இந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் அப்படிச் சொல்கின்றன. தைலம், களிம்பு, புண் கழுவும் மருந்து எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உங்கள் வீட்டில் இருக்கும் பாட்டில்களை இன்றே எடுத்துப் பாருங்கள்.

மருந்தில் ஒன்லி வரும் இடம் இன்னும் உண்டு. ஆடு மாடுகளுக்கான மருந்தில் ‘ஃபார் அனிமல் ட்ரீட்மென்ட் ஒன்லி’ என்று இருக்கும். விலங்கு வைத்தியத்துக்கு மட்டும் என்று பொருள். கூடவே ஒரு வீட்டு விலங்கின் தலைப் படமும் போட்டிருக்கும். படிக்க முடியாவிட்டால் படத்தைப் பாருங்கள்.

பெண்களுக்கு மட்டும்

மும்பையில் மின்சார ரயில்தான் ஊரின் ஓட்டம். அதில் பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் உண்டு. ‘ஃபார் லேடீஸ் ஒன்லி’ என்று எழுதியிருக்கும். 1992 மே 5 அன்று மேற்கு ரயில்வே முழு ரயிலையே பெண்களுக்காக விட்டது. சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையே அது ஓடியது. அதற்கு லேடீஸ் ஸ்பெஷல் என்று பெயர்.

சில பெட்டிகளில் அந்தச் சொல்லோடு நேரமும் எழுதியிருக்கும். அப்படியானால் அந்த நேரத்தில் மட்டும் அது பெண்கள் பெட்டி. ஒன்லி என்ற சொல்லைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். யாருக்கு மட்டும், எப்போது மட்டும், எதற்கு மட்டும் என்று சுற்றியிருக்கும் சொற்களையும் படியுங்கள்.

கடையில் வைத்திருக்கும் பலகையிலும் இந்தச் சொல் இருக்கும். ‘ஒன்லி 99 ருபீஸ்’ என்று இருக்கும். ‘வெறும் 99 ரூபாய்தான்’ என்று அது ஆசை காட்டுகிறது. பொருள் 99 ரூபாய் பெறுமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதை அந்தச் சொல் பார்க்காது.

சொல் எங்கே நிற்கிறது?

இதுவரை சொன்னது படிப்பதற்கு. இனி பேசுவதற்கும் எழுதுவதற்கும்.

தமிழில் மட்டும் என்பது சொல்லுக்குப் பின்னால் வரும். மீனா மட்டும், இட்லி மட்டும் என்கிறோம். ஆங்கில வாக்கியத்தில் ஒன்லி பெரும்பாலும் சொல்லுக்கு முன்னால் வரும். இந்த மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்.

‘ஒன்லி மீனா ஈட்ஸ் இட்லி ஆன் சண்டே.’ ஞாயிற்றுக்கிழமை மீனா மட்டும் இட்லி சாப்பிடுகிறாள். வேறு யாரும் சாப்பிடுவதில்லை.

‘மீனா ஈட்ஸ் ஒன்லி இட்லி ஆன் சண்டே.’ ஞாயிற்றுக்கிழமை மீனா இட்லி மட்டும் சாப்பிடுகிறாள். தோசை, பொங்கல் எதுவும் தொடுவதில்லை.

‘மீனா ஈட்ஸ் இட்லி ஒன்லி ஆன் சண்டே.’ மீனா ஞாயிற்றுக்கிழமை மட்டும் இட்லி சாப்பிடுகிறாள். திங்கட்கிழமை கொடுத்தால் சாப்பிட மாட்டாள்.

சொற்கள் அதே சொற்கள்தான். ஒன்லி இடம் மாறியது. பொருளும் மாறிவிட்டது. இந்தச் சொல் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு போகும் குழந்தை மாதிரி. எந்தச் சொல்லின் முன்னால் விடுகிறீர்களோ, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும்.

பேச்சில் கொஞ்சம் தளர்வு உண்டு. ‘ஐ ஹேவ் ஒன்லி டென் ருபீஸ்’ என்றும் சொல்லலாம். ‘ஐ ஒன்லி ஹேவ் டென் ருபீஸ்’ என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் என்னிடம் பத்து ரூபாய்தான் இருக்கிறது என்று பொருள். இரண்டும் சரி. எழுதும்போது முதல் முறையே தெளிவு.

அறிவிப்பிலும் தொகையிலும் மட்டும் ஒன்லி கடைசியில் வரும். லேடீஸ் ஒன்லி. ஃபைவ் தவுசண்ட் ஒன்லி. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘தான்’ செய்யும் குழப்பம்

தமிழர்களுக்கு இந்தச் சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. அதற்குக் காரணம் ‘தான்’.

தமிழில் தான் என்பது பல வேலை செய்யும். ‘பத்து ரூபாய்தான் இருக்கு’ என்றால் மட்டும் என்று பொருள். ‘நான் இங்கேதான் இருக்கேன்’ என்றால் அது உறுதி. மட்டும் என்ற பொருள் அங்கே இல்லை. ‘நாளைக்குத்தான் வருவேன்’ என்றால் இன்றைக்கு வர முடியாது என்று பொருள்.

மூன்று இடத்திலும் தான் என்ற சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் பேசும்போது மூன்று இடத்திலும் ஒன்லியைப் போட்டுவிடுகிறோம். ‘ஐ ஆம் ஹியர் ஒன்லி’ என்கிறோம். இந்தியில் ‘ஹீ’ என்ற சொல் இப்படித்தான் வேலை செய்யும். மராத்தியில் சொல்லின் கடைசியில் ‘ச’ சேரும். அதனால் இந்தியாவில் பல ஊர்க்காரர்கள் இதே மாதிரிதான் ஆங்கிலம் பேசுகிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிந்தும் விடுகிறது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் புரியும் என்று நம்பிவிடக் கூடாது.

இட்லிக்கார அக்காவின் மகள் வளர்ந்து வேலைக்குப் போனாள். வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருந்த ஓர் அம்மாவின் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு நாள் அக்காவுக்குக் கடும் காய்ச்சல். மகள் போன் செய்தாள். “ஐ வில் கம் டுமாரோ ஒன்லி” என்றாள். நாளைக்குத்தான் வருவேன் என்று அவள் நினைத்துச் சொன்னாள்.

அந்த அம்மாவுக்கு எப்படிக் கேட்டது? நாளை ஒரு நாள் மட்டும் வருவேன், அதற்குப் பிறகு வர மாட்டேன் என்று கேட்டது. அவர் பதறிப்போனார். நாளை மறுநாளிலிருந்து வேறு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டார்.

மறுநாள் மகள் வேலைக்குப் போனாள். சாயங்காலம் அந்த அம்மா கணக்கு முடித்துச் சம்பளத்தைக் கையில் கொடுத்தார்.

“நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?” என்று வீட்டுக்கு வந்து மகள் அழுதாள்.

என்ன சொன்னாய் என்று அக்கா கேட்டார். மகள் சொன்னதைத் திரும்பச் சொன்னாள். அக்காவுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனால் அந்தச் சொல் தெரியும்.

“ஏட்டி, ஒன்லின்னா பூட்டுன்னு நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தே? நாளைக்குன்னு சொல்லி அதுக்குப் பின்னால பூட்டுப் போட்டா, அதுக்கு அடுத்த நாள் எப்படித் திறக்கும்?”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். காலையில் மறுபடி போய் விளக்கிச் சொன்னாள். அந்த அம்மா சிரித்துவிட்டார். ஆனால் புதிதாக வந்த பெண்ணிடம் ஒரு வாரத்துக்குப் பேசி முடித்திருந்தார். அந்த ஒரு வாரக் கூலி மகளுக்குப் போனது போனதுதான். பிறகு வேலை திரும்பக் கிடைத்தது.

அவள் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்? ‘ஐ கான்ட் கம் டுடே. ஐ வில் கம் டுமாரோ.’ இன்று வர முடியாது. நாளை வருவேன். இரண்டு சின்ன வாக்கியம். ஒன்லி தேவையே இல்லை.

‘இன்றைக்கே வா’ என்பதற்கும் ‘கம் டுடே ஒன்லி’ என்று சொல்லாதீர்கள். இன்று மட்டும் வா, நாளை வராதே என்று ஆகிவிடும். ‘கம் டுடே’ என்றால் போதும்.

ஓர் எளிய சோதனை உண்டு. ஒன்லி என்று சொல்லும் முன் அந்த இடத்தில் மட்டும் என்று தமிழில் போட்டுப் பாருங்கள். ‘நான் இங்கே மட்டும் இருக்கேன்.’ பொருந்தவில்லையா? அப்படியானால் ஆங்கிலத்திலும் ஒன்லி வேண்டாம். ‘பத்து ரூபாய் மட்டும் இருக்கு.’ பொருந்துகிறதா? அப்படியானால் தாராளமாகப் போடுங்கள்.

இன்று

அக்கா இப்போது மகளிர் குழு ஒன்றில் இருக்கிறார். இரண்டாவது கிரைண்டருக்குக் குழுவின் மூலம் வங்கியில் கடன் வாங்கினார். ரசீதில் தொகையை எழுதும்போது பக்கத்தில் இருந்தவர், “நான் எழுதித் தரட்டுமா அக்கா?” என்று கேட்டார்.

“வேண்டாம். நானே எழுதுறேன்” என்றார் அக்கா.

எழுத்து எழுத்தாக எழுதினார். நேரம் ஆனது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் வட்டம் போட்டார். கம்பு நட்டார். வால் இழுத்தார். மீதி இடத்தில் ஒரு கோடு போட்டார். கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார்.

சகோதரிகளே, சகோதரர்களே! அக்கா ஆங்கிலம் முழுவதும் கற்றுவிடவில்லை. தொகை எழுதத் தேவையான சில சொற்களைக் கற்றார். அவற்றில் ஒன்லி என்ற சொல்லைச் சரியாகக் கற்றார். நீங்களும் கற்கலாம். 

பேசிப் பாருங்கள்

1. இட்லிக்கார அக்கா ஏன் தொள்ளாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்தார்?

2. தொகைக்குப் பின்னால் ஒன்லி எழுதினால் மட்டும் போதுமா? வேறு என்ன செய்ய வேண்டும்?

3. உங்கள் வீட்டு மருந்துப் பாட்டில்களில் எத்தனையில் ஒன்லி என்று இருக்கிறது? எடுத்து வந்து காட்டுங்கள்.

4. ‘நான் வீட்டில்தான் இருக்கேன்.’ இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ஒன்லி வேண்டுமா? சோதனை போட்டுப் பாருங்கள்.

எழுதிப் பாருங்கள்

‘ரூபாய் இரண்டாயிரம் மட்டும்’ என்று உங்கள் நோட்டில் ஐந்து முறை எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் மீதி இடத்தில் கோடு இழுங்கள்.